வெள்ளிக்குப் பிடிபடாத புள்ளிகள்

அந்தக் கறுப்புக் குடையை அங்கே விரித்து வைத்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால், அதை அவன் தலையிலேயே கவிழ்த்துவிடுவது என்ற முடிவோடு அவள் மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருந்தாள்.

கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி லேபில் அவளுக்கு வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவாள். திசுவில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், ஸ்லைடை சில்வர் நைட்ரேட் கரைசலில் நிறுத்திக் கண் கூசுகிற வெளிச்சத்தில் வைக்க வேண்டும். படிவு இருக்கிற இடம் மட்டும் வெள்ளியைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் கறுத்துப்போகும். லேபில் அதற்கென்று இருந்த விளக்கு நேற்றோடு உயிரை விட்டிருந்தது. வெளியே மழை... விட்டு விட்டு மழை. நடுவில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. அது விழுகிற ஒரே இடம் இந்த ஜன்னல் திட்டு. கண்ணாடி ஜாடியை அதில் வைத்துவிட்டு, ஒரு வாய் டீ குடித்துவிட்டு வருவதற்குள்... ஜாடிக்கு மேல் குடை.

படியேறி வந்தான் ஒருவன். தலையெல்லாம் ஈரம். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“இது உங்க குடையா?”

“ஆமா. சொட்டுதேன்னு காய வச்சேன். வேணும்னா எடுத்துட்டுப் போங்க... மழை விட்டதும் குடுத்தாப் போதும்.”

“குடை வேணாம். வெயில்தான் வேணும். அதை மறைச்சு வச்சிருக்கீங்க.”

அவன் குடையைத் தூக்கினான். ஜாடிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, மீன் ஒன்றையும் காணோமே என்றான், நிஜமான அக்கறையோடு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைப் பல்லுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டு, இது மீன் வளர்க்கிற இடமில்லை, இரண்டு நாள் வேலையை நீங்கள் ஒரு குடையால் பாழாக்கியிருக்கிறீர்கள் என்று ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டே அவள் கையைப் பார்த்தான்.

அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. வெள்ளிக் கரைசல் செய்த வேலை. கேண்டீனில் அவளுக்கு “மூணாம் மாடி கறுப்பு விரல்” என்றே பெயர். யாராவது உற்றுப் பார்த்தால் முந்தானைக்குள் இழுத்துக்கொள்வது வழக்கம். இன்றைக்கு இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

“அழுக்கு இல்ல. தேய்ச்சாலும் போகாது. தோல் உதிர்ந்தாத்தான் போகும்.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே...”

“சொல்லாதீங்க.”

ஜாடியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். வெயிலும் அவளோடு எழுந்து போனதுபோல ஜன்னல் இருண்டது. மடக்கிய குடையிலிருந்து தன் செருப்பின் மேலேயே தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரியாமல் அவன் நின்றிருந்தான்... இது அவளுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் அண்ணனுக்கு மனைவியாக வந்தவர். ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவையும் தாமதத்தையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவர் வேலை. தாமதமான வண்டியைக்கூட அண்ணி அறிவித்தால் காத்திருக்கலாம்போலத் தோன்றும். அப்படி ஒரு குரல். வீட்டிலும் அந்தக் குரல்தான் எல்லாரையும் எழுப்பும், அதட்டும், சமாதானப்படுத்தும். அந்தக் குரல் குடியிருந்த கழுத்தில்தான் போன மாதம் ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது.

கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டிக்குள் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் இருப்பதாகப் படம் சொன்னது. அப்படிப்பட்ட புள்ளிகள் சில சமயம் கெட்ட வியாதியின் அடையாளம். ஆகவே சர்ஜன் கட்டியில் ஒரு துண்டை எடுத்து லேபுக்கு அனுப்பினார். துண்டின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண் அவளுக்குத் தெரியும். இது என் வீட்டு ஆள், நான் கை வைக்கக் கூடாது என்று லேபின் பெரிய டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேறு யார் கையில் கொடுப்பது...

குடைச் சண்டைக்கு மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. கால்சியம் இருப்பது முன்பே தெரிந்த ஒரு ஸ்லைடையும் அண்ணியின் ஸ்லைடையும் ஒரே ஜாடியில் வைத்தாள். தெரிந்த ஸ்லைடு மை தெளித்ததுபோலக் கறுத்தது. அண்ணியின் ஸ்லைடில் ஒரு பொட்டுகூட இல்லை. இளஞ்சிவப்பாக, கழுவிவிட்ட வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கொஞ்சம் அழுதாள். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, கால்சியம் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அன்றைக்குத்தான் அண்ணன் வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, எக்ஸ்ரே எடுத்தவனை ஆரம்பித்தார். வேலை தெரியாதவன், இல்லாத வியாதியைப் படத்தில் வரைந்தவன், என்றைக்காவது எதிரில் பட்டால் சும்மா விடுவதாக இல்லை... தையல் பிரிக்கும்வரை பேசக் கூடாது என்று உத்தரவு வாங்கியிருந்த அண்ணி, போதும் என்று கையை மட்டும் காட்டினார். அவளும் அண்ணனோடு சேர்ந்து அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டினாள். திட்டத் திட்ட இனித்தது.

முகம் தெரியாத ஆள் மறுநாள் காலையில் லேபுக்கே வந்துவிட்டான். கையில் படம். தெரிந்த முகம்... குடைக்காரன்.

அவன் டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசினான். படத்தில் புள்ளிகள் தெளிவாக இருக்கின்றன, ஸ்லைடில் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது, இரண்டில் ஒன்று தவறு என்றான். எது தவறு என்று சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

“உங்க எக்ஸ்ரே பிளேட்ல தூசி இருக்கும்.”

அவன் மெதுவாகத் திரும்பினான். மழையில்லாத நாளில் அந்தக் கண்கள் இன்னும் கறுப்பாக இருந்தன. எவ்வளவு நேரம் பார்க்கிறான் இவன்...

“தூசி எது, புள்ளி எதுன்னு தெரியாமலா நான் இந்த வேலைக்கு வந்திருக்கேன்?”

“வெள்ளி கறுக்கலைன்னா கறுக்கலைதான். நான் என் கண்ணால பார்த்தேன்.”

“நானும் கண்ணாலதான் பார்த்தேன். எனக்கும் ரெண்டு இருக்கு.”

டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். சண்டை போட ஜன்னல் திட்டு இருக்கிறதாமே, அங்கே போங்கள் என்றார் (ஆஸ்பத்திரியில் எந்தச் செய்தியும் மூன்று மாடி ஏற நேரமாகாது). பிறகு நிதானமாகச் சொன்னார். படமும் ஸ்லைடும் ஒத்துப்போகாவிட்டால், சரியான இடத்தில் துண்டு எடுக்கவில்லை என்றுதான் சர்ஜன் முடிவுக்கு வருவார். நாளை மறுநாள் திரும்பவும் அறுப்பார். ஒரு தடவை அறுத்த கழுத்து. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. இந்த முறை அது தப்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

‘இல்லை’ என்ற சொல்லை அவள் ஒரு வரம்போல வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். அந்தச் சொல்தான் அண்ணியைத் திரும்பவும் கத்திக்குக் கீழே படுக்க வைக்கப் போகிறது.

மத்தியானம் அவள் எக்ஸ்ரே அறைக்கு இறங்கிப் போனாள். கெஞ்சுவதற்கு அல்ல. கெஞ்சக் கூடாது என்று ஒவ்வொரு படியிலும் தனக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் ஏதோ படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க படத்துல சந்தேகம் இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்.”

“எனக்குச் சந்தேகம் இல்லையே.”

“அது என் அண்ணி.”

அவன் படத்தைக் கீழே வைத்தான். இப்போது இறங்கி வருவான், எல்லாரும் இந்த இடத்தில் இறங்கித்தான் வருவார்கள் என்று அவள் எண்ணினாள்.

“உங்க அண்ணின்னு தெரிஞ்சதும் அந்தப் புள்ளி அழிஞ்சிடுமா?”

“எழுத மாட்டீங்களா?”

“என் கூடப்பிறந்தவளா இருந்தாலும் எழுத மாட்டேன். இருக்கறதை இல்லைன்னு எழுதி, நாளைக்கு அது பெரிசானா... நீங்க என்னை மன்னிப்பீங்களா? நானே மன்னிக்க மாட்டேன்.”

“உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கான்னு உங்க மிஷின்லயே படம் எடுத்துப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். கதவைச் சாத்திய வேகத்தில் தாழ்ப்பாள் ஆடியது. அவ்வளவு கோபத்திலும் ஒன்று மட்டும் உறுத்தியது. இந்த ஒரு மாதத்தில் அவளைத் தட்டிக்கொடுத்தவர்கள் நிறைய. அவளுக்காகப் பொய் சொல்ல மறுத்தவன் இவன் ஒருவன்தான்... பாவி, அதையும் எவ்வளவு மெதுவான குரலில் சொன்னான்.

மேஜைக்குத் திரும்பி, மெழுகுக் கட்டியைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் நகத்தளவு. உள்ளே அண்ணியின் துணுக்கு. சீவியது போக மிச்சம் அப்படியே இருந்தது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் இரண்டு மாடியில் நின்றுகொண்டு கத்துவானேன்... இதையே படம் எடுத்துவிட்டால்?

மறுநாள் காலை, எக்ஸ்ரே அறை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். மெழுகுக் கட்டியை நீட்டினாள். “இதைப் படம் எடுங்க. பிளேட்டை நல்லா துடைச்சுட்டு.”

அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் கண்ணெதிரே பிளேட்டைத் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். முதலில் வெறும் பிளேட்டையே ஒரு படம் எடுத்து, தூசி இல்லை என்று காட்டினான். பிறகு கட்டியை நடுவில் வைத்தான். தொட்டால் வலிக்குமோ என்பதுபோல வைத்தான்.

திரையில் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று தெரிந்தது. அதற்குள்... ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூறல்போல, வெள்ளைப் புள்ளிகள். ஒன்று, இரண்டு... அவள் எண்ணுவதை நிறுத்தினாள். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று அவன் கேட்கப்போகிறான். கேட்டால் அழுதுவிடுவாள். கேட்கட்டும், அழாமல் இருந்து காட்டுகிறேன்...

“நீங்க சொன்னதும் பொய்யில்லையே?” என்றான் அவன். “வெள்ளி கறுக்கலைன்னுதானே சொன்னீங்க. அது ஏன் கறுக்கல?”

கேள்வி அவளை உலுக்கியது. உண்மைதான். அவனுக்கு விளக்கப்போனவள் தனக்கே விளக்கிக்கொண்டாள். வெள்ளி கால்சியத்தை நேராகப் பிடிப்பதில்லை. கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற பாஸ்பேட்டையும் கார்பனேட்டையும்தான் பிடிக்கிறது. வழக்கமாக அவைதான் கூட வரும்.

“அதாவது, கூட வந்த ஆளை வச்சு இவரை அடையாளம் சொல்றீங்க.”

“ம்.”

“கூட வந்தது வேற ஆளா இருந்தா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனும் பார்த்தான். இருவருக்கும் நடுவே அந்தச் சின்ன மெழுகுக் கட்டி... உலகத்தில் வேறு எதுவும் அப்போது இல்லை.

“ஆக்சலேட். அதுவும் கால்சியத்தோட சேரும், வெள்ளி அதைப் பிடிக்காது” என்றாள். படியில் ஓடினாள். பாதிப் படி ஏறியபிறகுதான், அவனுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரம்மாவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அது என் அண்ணி, மறைத்தது தப்பு. மெழுகுக் கட்டிக்குள் புள்ளி இருக்கிறது, படம் இதோ. கால்சியத்தையே நேராகப் பிடிக்கிற அலிசரின் சிவப்புச் சாயத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் லேபில் எப்போதும் போடுகிற புளிப்பு அளவில், பி.எச். நாலே காலில், ஆக்சலேட் வகை சிவக்காது. அமோனியா சொட்டுவிட்டு ஏழுக்குக் கொண்டுவந்து போட வேண்டும்.

டாக்டரம்மா எழுந்து நின்று திட்டினார். வீட்டு ஆளை மறைத்ததற்கு முதலில் திட்டினார். செய்முறையில் இல்லாத அளவைச் சொன்னதற்குப் பிறகு திட்டினார். கையை எடு, நீ இதைத் தொடக் கூடாது என்றார்.

“எடுத்துடறேன் மேடம். வேலையை விட்டுக்கூட எடுங்க, போறேன். ஆனா அந்தச் சாயத்தை ஏழுல போட்டுப் பார்க்காம நாளைக்கு அவங்க கழுத்துல கத்தி வைக்க விடமாட்டேன். சர்ஜன் ரூம் வாசல்ல உக்காருவேன்.”

டாக்டரம்மா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து அவள் மேஜை அருகே போட்டார்.

“போடு. நான் பக்கத்துல உக்காந்து பார்க்கறேன். ஏழுல மட்டும் போட்டா, சாயம் கண்ட இடத்துல ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிடுவாங்க. நாலே காலுல ஒண்ணு, ஏழுல ஒண்ணு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும்.”

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு சொட்டும் தவறவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் மீட்டரைப் பார்த்தாள். சாயம் மெல்ல நிறம் மாறியது... காத்திருந்தாள், கழுவினாள், மூடினாள். எழுந்து இடத்தை விட்டுக்கொடுத்தாள். முதலில் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

டாக்டரம்மா முதல் ஸ்லைடைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். இரண்டாவதை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். படிகங்களை மட்டும் மின்ன வைக்கிற பில்டரை மாட்டி மறுபடி பார்த்தார். பிறகு ஒதுங்கி, வா என்று தலையசைத்தார்.

இருட்டுக்குள் நொறுங்கிய கண்ணாடிபோல மினுமினுத்தன புள்ளிகள். பில்டரை எடுத்ததும் அதே இடங்களில் சிவப்பு... வெட்கப்பட்டதுபோல ஒரு சிவப்பு.

ஆக்சலேட்தான் என்றார் டாக்டரம்மா. செல்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, இந்த வகைப் புள்ளி பெரும்பாலும் கெட்டதோடு சேருவதில்லை. படத்தில் இருந்தது ஸ்லைடில் கிடைத்துவிட்டது. இன்னொரு தடவை அறுக்க வேண்டியதில்லை, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

அண்ணனுக்குப் போன் செய்திருக்க வேண்டும். அண்ணியிடம் ஓடியிருக்க வேண்டும். கால்கள் கீழ்த்தளத்துக்குப் போயின. ஏன் இங்கே வருகிறேன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்... பதில் தெரிந்ததால் திரும்பக் கேட்கவில்லை. எக்ஸ்ரே அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையும்வரை நின்றாள்.

அவன் வெளியே வந்தான். அவள் “இருக்கு. கெட்டது இல்ல” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அவன் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கையால் துடைத்தான்.

“நான் சொன்னது தப்பா இருக்கணும்னுதான் ரெண்டு நாளா வேண்டிக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப ஏன் அந்த ஒரு வரியை எழுதல?”

“வேண்டிக்கிறது வேற. எழுதறது வேற.”

அவள் அவனையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுத்த நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்துவிட்டார்கள். எழுந்து போனான். சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனான். மறுநாளும் சொல்லவில்லை. படியில் எதிர்ப்பட்டால், அண்ணி நலமா என்பதோடு சரி. அவளும் இறங்கிப் போகவில்லை. மனசு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இப்போது எந்த முகத்தோடு...

தையல் பிரிக்க அண்ணி வந்த நாளில்தான் அந்தத் தயக்கம் உடைந்தது. வார்டில் அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இனிப் பேசலாம் என்ற அனுமதியோடு. அவள் தலைமாட்டில் நின்றாள். அண்ணனுக்கு நிம்மதி வந்ததும் கோபமும் கூடவே வந்திருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம், நல்லது, ஆனால் அந்த எக்ஸ்ரேக்காரன் கிளப்பிய பீதியில் ஒரு வாரம் தூக்கம் போயிற்றே, அதற்கு யார் பதில் சொல்வது... அவர் பேசிக்கொண்டே போக, வாசலில் நிழல் தட்டியது.

“அண்ணா, அவர் உங்க பின்னாடிதான் நிக்கிறார்.”

அண்ணன் திரும்பினார். என்ன வேண்டும் என்று கேட்ட தொனியில் கதவைச் சாத்துகிற சத்தம் இருந்தது. அவன் தடுமாறினான்.

“ஒண்ணுமில்ல... அண்ணிக்கு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போகலாம்னு...”

ஒரு வாரமாகப் பேசாதிருந்த அண்ணி, தொண்டையைச் செருமிக்கொண்டார். கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அதே குரல்... முழுசாக.

“நான் உங்களுக்கு எப்படி அண்ணி ஆனேன் தம்பி?”

அவன் காது மடல்வரை சிவந்து நின்றான். அண்ணன் முறைத்தார். பேச்சை மாற்றிவிட அவளுக்கு ஒரு நொடி இருந்தது. மாற்றவில்லை. கட்டிலைச் சுற்றி நடந்து போய், அவன் பக்கத்தில் நின்றாள்.

“நான் சொல்றேன் அண்ணி. உங்களுக்காக ஒரு பொய் எழுதிக் குடுங்கன்னு இவர்கிட்ட கேட்டேன். மாட்டேன்னுட்டார். அன்னைக்கே பிடிச்சுப்போச்சு. இவரைத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன்.”

“இது எப்ப முடிவாச்சு?” என்றார் அண்ணன். “யாரு, என்ன, எந்தக் குடும்பம்னு எதுவும் தெரியாம...”

“தெரிஞ்சுக்கங்கண்ணா. எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கங்க. திட்டணுமா, இங்கயே திட்டுங்க, நானும் கூட நிக்கிறேன். ஆனா பொண்ணு பார்க்கன்னு வேற யாரையும் கூட்டிட்டு வராதீங்க. நான் உக்கார மாட்டேன்.”

அண்ணி அவனைப் பார்த்தார். இந்தப் பெண் உங்களிடம் இதைச் சொல்லிவிட்டாளா என்று கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டினான். இப்போதுதான் நானும் கேட்கிறேன் என்றான், பாதிக் குரலில்.

“அப்ப பதில் சொல்லுங்க. எல்லாரும் நிக்கிறோமில்ல.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். அண்ணனையும் பார்க்கவில்லை, அண்ணியையும் பார்க்கவில்லை.

“தினமும் படியில உங்களைப் பார்க்கும்போது சொல்லிடணும்னு நினைப்பேன். அண்ணி நல்லா இருக்காங்களான்னு கேட்டுட்டுப் போயிடுவேன். இன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க முந்திட்டீங்க.”

“நீங்க நின்னுக்கிட்டே இருந்தா நான் முந்தத்தான் செய்வேன்” என்றாள் அவள்.

அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பு வார்டின் கோடிவரை போய், பக்கத்துக் கட்டில்காரர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இன்னும் நான் சம்மதிக்கவில்லை, எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் அண்ணன். சரி, அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் அந்த நாற்காலியைத் தம்பிக்கு எடுத்துப் போடுங்கள் என்றார் அண்ணி.

அண்ணன் முறைத்துக்கொண்டேதான் எடுத்துப் போட்டார்.